வாசல் வரை போய்த் திரும்பிய தாய்

சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பார்கள். பெங்களூரில் அந்த வேலைக்கு 'நிம்ஹான்ஸ்' என்ற பெயர் இருக்கிறது. ஓசூர் சாலையில் மரங்கள் அடர்ந்த அந்த மனநல மருத்துவமனை வளாகத்தைத் தேடி நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். உள்ளூர்க்காரருக்கோ அந்த வாசலில் நுழையத் தயக்கம். நரம்பியல் பிரிவும் அங்கேதான் இருக்கிறது. தீராத தலைவலிக்காகப் போனால்கூட, தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் சாயங்காலத்துக்குள் தெருவே பேசும். 2009-ல் நிம்ஹான்ஸே பி.டி.எம். லேஅவுட்டில், குடியிருப்புகளுக்கு நடுவே, 'சென்டர் ஃபார் வெல்பீயிங்' என்று ஒரு மையத்தைத் தனியாகத் திறந்தது இந்தத் தயக்கத்தை மனத்தில் வைத்துத்தான்.

அந்த மாதிரி மையங்களிலும், ஜெயநகர், இந்திராநகர் பக்கம் வீட்டு மாடிகளில் ஆலோசகர்கள் வைத்திருக்கும் அறைகளிலும் ஒரு வாக்கியம் அலுக்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். 'நானு ஏனு மாட்லி, நீவே ஹேளி.' வந்தவர் அல்சூர்த் தமிழர் என்றால் அதுவே தமிழில் வரும்: 'நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க மேடம்.' பல நாள் யோசித்து, வீட்டில் ஏதோ சாக்குச் சொல்லி, ஆட்டோவுக்கும் ஃபீஸுக்கும் பணம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எதிரே இருப்பவர் படித்தவர், இதுபோல நூறு பேரைப் பார்த்தவர். அவருக்கு விடை தெரியாமலா இருக்கும்? சொல்லிவிட்டால் கிளம்பிவிடலாம்.

நபர்மைய ஆலோசனையில் பயின்றவர் அந்த விடையைச் சொல்லமாட்டார். தெரிந்துகொண்டு மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். தனக்குத் தெரியாது என்பதிலிருந்துதான் அவருடைய தொழிலே ஆரம்பிக்கிறது. வருகிறவருக்கு இது ஏமாற்றம், சிலருக்குக் கோபம். 'இதுக்கா இவ்வளவு ஃபீஸு' என்று அடுத்த வாரம் வராமல் போகிறவர்களும் உண்டு. இந்தப் பிடிவாதம் எங்கே பிறந்தது, பெங்களூருக்கு எப்படி வந்தது என்பது கொஞ்சம் நீளமான கதை.

இந்த முறையை உருவாக்கிய கார்ல் ரோஜர்ஸ் 1902-ல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பம். சீட்டு, நடனம், நாடகம் எதுவும் கிடையாது. சோடா குடிப்பதில்கூடப் பாவத்தின் வாடை அடிக்கும் வீடு. பிள்ளைகளை நகரத்தின் காற்று கெடுத்துவிடும் என்று தகப்பனார், ரோஜர்ஸுக்கு 12 வயதானபோது, பண்ணை வாங்கிக் குடிபெயர்ந்தார். பையன் அங்கே இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை வளர்த்தான், கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த புத்தகத்தைப் படித்துச் சோதனை என்றால் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் எடுத்த பாடம் வேளாண்மை. 1922-ல் உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீனா போய் ஆறு மாதம் சுற்றினார். திரும்பும்போது பெற்றோரின் நம்பிக்கை அவரிடம் இல்லை. நியூயார்க்கில் பாதிரியாருக்குப் படித்தார், பாதியில் விட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரிக்கு மாறி உளவியல் படித்தார்.

1928-ல் வேலை கிடைத்தது. ரோச்செஸ்டர் நகரத்தில், குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தின் ஒரு பிரிவில். திருடுகிற பையன், பள்ளிக்குப் போகாத பெண், நீதிமன்றம் அனுப்பிவைக்கும் பிள்ளைகள் என்று 12 வருடம். சம்பளம் குறைவு. பல்கலைக்கழக உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இந்த முறைக்கு விதை விழுந்தது அங்கேதான். அதுவும் தோல்வி மேல் தோல்வியாக.

அவரே எழுதிவைத்த ஒன்று. ஆரம்ப நாட்களில், ஒரு பெற்றோரிடம் வேறொரு பணியாளர் நடத்தி அச்சாகியிருந்த நேர்காணலின் எழுத்துப்படி ஒன்றை அருமையானது என்று நினைத்துச் சக ஊழியர்களோடு படித்துப் பார்த்திருக்கிறார். சில வருடம் கழித்து அதையே எடுத்தபோது அவருக்கே கூசிப்போயிற்று. கெட்டிக்கார வக்கீல் குறுக்கு விசாரணை செய்து, தாயைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது போல இருந்ததாம்.

அடுத்தது இன்னும் முக்கியம். அடங்காத ஒரு பையனும் அவன் தாயும். தாய் புத்திசாலி. சிறு வயதில் மகனை அவள் உள்ளூர ஒதுக்கியதே பிரச்சினையின் வேர் என்பது ரோஜர்ஸின் கணிப்பு. பல வாரம் பேசிப் பார்த்தார். அவள் சொன்னதையே சேர்த்துக் கோத்து, பக்குவமாக அவள் முன்னால் வைத்தார். அவளுக்கு உறைக்கவில்லை. கடைசியில், நாம் இருவருமே முயன்று பார்த்துவிட்டோம், பலனில்லை, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவளும் சரி என்றாள். கை குலுக்கினார்கள். கதவருகே போனவள் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவது உண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும், அப்படியானால் எனக்கு உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டு, எழுந்து போன அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் கொட்ட ஆரம்பித்தாள்: கசந்துபோன தாம்பத்தியம், கணவனோடு தீராத சிக்கல், தான் தோற்றுவிட்டோம் என்ற தவிப்பு. அதுவரை அவர் எழுதிவைத்திருந்த கேஸ் ஹிஸ்டரிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாயும் தேறினாள், மகனும் தேறினான்.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் முடிவுக்கு வந்ததில் இந்தத் தாய்க்குப் பெரிய பங்கு. பல கோட்பாடுகளுக்குக் கருவறை நூலகம். இதற்கு அந்தக் கதவு. மேதையின் ஞானோதயக் கதையாக இதைச் சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கைவிட்ட பிறகு அவள் கேட்டாள். அவர் செய்த நல்ல காரியம், கேட்டபோது 'இல்லை' என்று சொல்லாததுதான்.

இன்னொரு பாக்கியையும் சொல்ல வேண்டும். ரோச்செஸ்டரில் அவருக்கு வழிகாட்டியவர்கள் சமூகப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள். பேச்சின் செய்தியை விட்டு அதன் அடியில் ஓடும் உணர்ச்சியைக் கவனி என்று கற்றுக்கொடுத்தவர் எலிசபெத் டேவிஸ் என்ற சமூகப் பணியாளர். ஃபிராய்டிடமிருந்து பிரிந்துபோன ஆட்டோ ராங்க் 1936-ல் அங்கே வந்து வகுப்பெடுத்ததும் அந்தப் பணியாளர்கள் வழியாக உருவான தொடர்புதான். 1939-ல் ரோச்செஸ்டரில் புதிதாக வழிகாட்டு மையம் அமைந்தபோது, அதற்குத் தலைவர் மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சண்டைக்கு நின்றார்கள். ரோஜர்ஸ் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார், ஆனால் ஸ்டெதாஸ்கோப் டாக்டர் இல்லை. ஒரு வருடம் இழுபறி நடந்து, பதவி அவருக்கே வந்தது. மருத்துவம் படிக்காதவர் இன்னொருவரின் மனக்கஷ்டத்துக்கு எதிரே உட்காரலாமா என்ற இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் மறுபடி சந்திப்போம்.

முறைக்குப் பிறந்தநாள் உண்டு. 1940 டிசம்பர் 11. அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பேசிய பேச்சை அவர் பின்னாளில் அப்படித்தான் குறிப்பிட்டார். இடம் யதேச்சையா, வேண்டுமென்றேயா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மாணவர்களுக்கு எப்படி வழி சொல்வது என்று புத்தகமே எழுதிய ஈ.ஜி.வில்லியம்சனின் கோட்டை அது. அந்த மேடையில் நின்றுகொண்டு, அறிவுரை சொல்வதால் பயனில்லை என்றார். அரங்கம் கொந்தளித்தது. ஏதோ புதிதாகத்தான் சொல்லியிருக்கிறோம் போல என்று அவருக்கே அப்போதுதான் பட்டிருக்கிறது.

அவர் செய்த உண்மையான புரட்சி அந்தப் பேச்சைவிட ஒரு கருவியில் இருக்கிறது என்பேன். அதே ஆண்டு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், ஆலோசனை அறையில் நடப்பதை முழுக்கப் பதிவு செய்ய ஆரம்பித்தார். அது டேப் வராத காலம். கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். இரண்டு எந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டி, தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பிடித்தார்கள். பிறகு மாணவர்களோடு அதைச் சுற்றி உட்கார்ந்து, எந்த வார்த்தைக்கு அப்புறம் வந்தவர் மனம் திறந்தார், எந்தக் கேள்விக்கு அப்புறம் மூடிக்கொண்டார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1942-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரில் ஒருவரோடு நடந்த எட்டு அமர்வுகளும் வார்த்தைக்கு வார்த்தை அச்சாயின. அதுவரை மூடிய அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு மருத்துவரின் ஞாபகம் மட்டுமே சாட்சி. 'நோயாளி' என்று சொல்வதையும் அந்தப் புத்தகத்திலேயே விட்டுவிட்டு 'கிளையண்ட்' என்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் முறைக்கு வேறொரு தேவை வந்தது. திரும்பிவரும் சிப்பாய்கள் லட்சக்கணக்கில். அவர்களுக்கு ஈடாக மருத்துவர்களுக்கு எங்கே போவது? ரோஜர்ஸ் ஜான் வாலன் என்பவரோடு சேர்ந்து 1946-ல் எளிய கையேடு ஒன்றை வெளியிட்டார். சில வாரப் பயிற்சியில் சாதாரண ஆட்கள் கற்றுக்கொள்ளும்படி. சிகாகோவில் ஆலோசனை மையம், 1951-ல் பெரிய புத்தகம், 1957-ல் புகழ்பெற்ற கட்டுரை என்று அடுத்தடுத்து வந்தன. அந்தக் கட்டுரையில் ஆறு நிபந்தனைகள் உண்டு. அதில் மூன்றுதான் பயிற்சி வகுப்புகளில் எல்லார் வாயிலும் வரும்: வந்தவரை நிபந்தனை போடாமல் ஏற்பது, அவர் உலகத்துக்குள் போய் அங்கிருந்து பார்ப்பது, ஆலோசகர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. இவை இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றார். 'போதும்' என்றதுதான் வம்பாயிற்று. விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் இதைப் பரிசோதித்தபோது பெரிய வெற்றி எதுவும் கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக் குழுவே சண்டை போட்டுச் சிதறியது. மருந்து வேண்டிய இடத்தில் மருந்து வேண்டும். அடிவாங்கும் மனைவிக்குப் பரிவோடு சேர்த்து, இன்று இரவு படுக்கப் பத்திரமான இடமும் வேண்டும்.

வந்தவருக்குள்ளேயே வழி இருக்கிறது என்ற அவருடைய நம்பிக்கைக்கு அடித்தளமாக ஒரு உருளைக்கிழங்கு உண்டு. பண்ணை வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த கிழங்குகள், ஒரே ஒரு சின்ன ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை இரண்டு மூன்று அடி நீளத்துக்கு விடுமாம். செடியாக வழியில்லை, ஆனாலும் முளைக்கும். மனநல மருத்துவமனைகளின் பின்கட்டு வார்டுகளில் கோணல்மாணலாகிப்போன மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முளைகள் நினைவுக்கு வரும் என்று 1980-ல் எழுதினார்.

அவரும் ஒருமுறை அப்படிக் கோணிப்போனவர்தான். சிகாகோவில் 1940-களின் கடைசியில், மிகவும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு ஆலோசனை தரப்போய், அவருக்கும் தனக்கும் இடையே கோடு அழிந்து, தனக்கே பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து மனைவியோடு ஊரைவிட்டு ஓடினார். இரண்டு மூன்று மாதம் தலைகாட்டவில்லை. திரும்பி வந்து, தன்னிடம் வேலை பார்த்த ஆலிவர் பவுனிடமே ஆலோசனைக்கு உட்கார்ந்தார். உலகப் புகழ்பெற்ற குரு தன் சீடனுக்கு எதிரே கிளையண்டாக! இந்தியாவில் இதை நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

இந்தியா என்றதும் 1964-க்கு வர வேண்டும். இந்தக் கதையின் பல இழைகள் அந்த ஒரே ஆண்டில் வந்து நிற்பது வேடிக்கை.

அமெரிக்காவில் அந்த வருடம் ஒரு படம் எடுத்தார்கள். குளோரியா என்ற ஒரே பெண், மூன்று வெவ்வேறு சிகிச்சையாளர்கள், முதலாமவர் ரோஜர்ஸ். ஏறக்குறைய அரை மணி நேரம். விவாகரத்துக்குப் பிறகு தனக்கிருந்த ஆண் தொடர்புகளைப் பற்றி ஒன்பது வயது மகள் கேட்டபோது அவள் இல்லையென்று பொய் சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொல்லலாமா, குழந்தை மனசு கெட்டுவிடுமா? நேரடியாகப் பதில் வேண்டும் என்று வற்புறுத்துகிறாள். ரோஜர்ஸ் தராமல் இருக்கிறார், ஆனால் விலகியும் போகாமல் இருக்கிறார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆலோசகர் பயிற்சிகளில் காட்டப்படும் படம் அது. பெங்களூரின் 'நீவே ஹேளி'க்கு அப்பட்டமான முன்னோடி. குளோரியா தான் சாகும்வரை, 1979 வரை, ரோஜர்ஸுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தாள்.

அதே 1964-ல் பெங்களூரில், நிம்ஹான்ஸுக்கு முந்தைய அவதாரமான அகில இந்திய மனநல நிறுவனத்திலிருந்து என்.சி.சூர்யா, எஸ்.எஸ்.ஜெயராம் இருவரும் இந்திய மனநல மருத்துவ இதழில் நாலு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பழைய மைசூர் அரசு மனநோய் மருத்துவமனையை ஒட்டி அந்த நிறுவனம் தொடங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. இந்தியச் சூழலில் பேச்சு வழிச் சிகிச்சைக்கு அடிப்படை என்ன என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கண்டது ரோஜர்ஸுக்கு உவப்பாக இருந்திருக்காது. நம் நோயாளி தன் உள்ளத்துக்குள்ளே காரணம் தேட அவ்வளவாக விரும்புவதில்லை. சூழ்நிலைக்கு வெளிப்படையான ஆதரவு கேட்கிறார். உரிமையோடு, விடாப்பிடியாகக் கேட்கிறார். ஒன்பது வருடம் கழித்து ஜே.எஸ்.நேகி, மனநல மருத்துவர், பஞ்சாபிக் கவிஞரும்கூட, இன்னும் ஒரு படி போய்க் குரு-சிஷ்ய உறவையே சிகிச்சைக்கு மாதிரியாகக் கொள்ளலாமே என்று எழுதினார். எல்லாரும் சமம் என்று நாற்காலியைப் போட்டால் இங்கே வருபவருக்குத் தரை நழுவும். வருபவர் எதிர்பார்ப்பது வழிகாட்டும் பெரியவரை என்பது நேகியின் வாதம்.

இந்த இரண்டும் சரியான கவனிப்புகள். ஆனால் கேட்பதைக் கொடுப்பதா, கேட்பதன் அடியில் இருப்பதைக் கேட்பதா என்பது வேறு விஷயம். நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமா? மாமனார், மேனேஜர், வாட்ஸ்அப் குரூப், ஜோசியர், பக்கத்து ஃபிளாட் ஆண்ட்டி, எல்லாரும் இலவசமாகத் தருகிறார்கள். ஃபீஸ் கட்டி வருகிறவருக்கு இன்னொன்று எதற்கு?

மருத்துவர்கள் இப்படித் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் முறையைச் சத்தமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டவர்கள் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும். பம்பாயில் ஜெ.எம்.ஃபுஸ்டர் என்ற ஏசு சபைப் பாதிரியார் இந்தியாவில் உளவியல் ஆலோசனை பற்றிப் புத்தகம் போட்டதும் 1964-ல்தான். பெங்களூரில் மருத்துவர்களும் சமயப் பணியாளர்களும் கைகோத்து மெடிகோ பாஸ்டரல் அசோசியேஷனைத் தொடங்கியதும் அதே வருடம். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் வீடு திரும்புமுன் தங்கிப் பழக ஒரு இடைவழி இல்லத்தை நாட்டிலேயே முதன்முதலாக நடத்தியவர்கள் அவர்கள். வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் வந்தது, பி.ஜே.பிரசாந்தம் அதைப் பல காலம் நடத்தினார். 1970-களில் ஏசு சபையைச் சேர்ந்த ஜோ கரி எழுதிய 'பேர்ஃபுட் கவுன்சலர்' பெங்களூரில் அச்சானது. முழு மருத்துவப் படிப்பு இல்லாமல் கிராமங்களில் சிகிச்சை செய்த சீனாவின் 'வெறுங்கால் மருத்துவர்கள்' பேசப்பட்ட காலம். காலில் செருப்பில்லாதவரும் ஆலோசகராகலாம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. உள்ளே ரோஜர்ஸின் சாயல் எங்கும் உண்டு.

பாவமன்னிப்புக் கூண்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது ஏன் பிடித்துப்போனது என்று யோசித்திருக்கிறேன். ரோஜர்ஸ் பாதியில் விட்டுவந்த பாதிரிப் படிப்பு அவர் முறைக்குள் எங்கோ ஒளிந்திருந்தது, அவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்பது என் ஊகம். லண்டனிலும் 1953-ல் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு உதவ சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். தன்னைப் பார்க்கக் காத்திருக்கையில் தேநீர் கொடுக்கும் தொண்டர்களிடம் பேசியே பலர் மனப் பாரம் இறங்கிப் போய்விடுவதைக் கவனித்து, சில மாதத்தில் பேசும் பொறுப்பையே தொண்டர்களிடம் விட்டார். அந்த சமாரிட்டன்ஸ் வழியில் வந்ததுதான் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான சிநேகா.

பெங்களூரிலும் மருத்துவர் அல்லாதவரிடம் பொறுப்பைக் கொடுக்கும் எண்ணம் இன்னொரு திசையிலிருந்து வந்தது. 1975-ல் நிம்ஹான்ஸ், ஆர்.எல்.கபூரின் தலைமையில், சமுதாய மனநலப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஊருக்கு வெளியே சக்கலவாராவில் இடம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராமத்துப் பணியாளர்களுக்கும் மனநோயைக் கண்டுபிடிக்கவும் கவனிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அது பெல்லாரி மாவட்டம் முழுக்க விரிந்து, பின்னாளில் நாட்டுக்கே திட்டமானது. ரோஜர்ஸுக்கும் சக்கலவாராவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் நகரத்தின் காதில் ஒரு விஷயம் விழுந்துவிட்டது: எல்லாவற்றுக்கும் டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை.

அதன் பலன் நகரத்துக்குள் தெரிந்தது. அலி க்வாஜாவின் பஞ்சாரா அகாடமி, 1994-லிருந்து இயங்கும் பரிவர்தன் போன்ற இடங்களில் ஆலோசனைப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் நகரத்தின் கதை தெரியும். வங்கியில் வி.ஆர்.எஸ். வாங்கியவர், பிள்ளைகள் அமெரிக்கா போனபின் வீடு வெறிச்சோடிப்போன அம்மா, பள்ளி ஆசிரியை, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஐ.டி. கம்பெனியின் எச்.ஆர். உளவியல் பட்டம் இல்லாதவர்கள் பலர். கேட்கத் தெரியும் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். முதலில் உடைவது அந்த நம்பிக்கைதான்.

பயிற்சி பெரும்பாலும் மூன்று மூன்று பேராக நடக்கும். ஒருவர் ஆலோசகர், ஒருவர் தன் சொந்தப் பிரச்சினையோடு கிளையண்ட், மூன்றாமவர் பார்வையாளர். பத்து நிமிடம் பேசியபின் பார்வையாளர் சொல்வார்: 'அவங்க அழ ஆரம்பிச்சதும் நீங்க டிஷ்யூவை நீட்டிட்டீங்க. அழுகை நின்னு போச்சு.' ஆசிரியைகளுக்கும் அம்மாக்களுக்கும் வாயைக் கட்டுவது பெரும்பாடு. 'என் பொண்ணு மாதிரி நினைச்சுச் சொல்றேன்' என்று ஆரம்பித்தாலே வகுப்பு சிரித்துவிடும்.

அறைக்குள் இது எப்படி நடக்கும்? அல்சூரில் வீடு, வைட்ஃபீல்டில் வேலை, வயது முப்பத்திரண்டு என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். டீம் லீட் ஆகச் சொல்கிறார்கள். மாமியாருக்குப் பக்கவாதம். கணவர் 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டார்.

'வேலையை விட்டுடலாமா மேடம்?'

'விடணும்னும் தோணுது, விட மனசும் வரல.'

'ஆமா. அவர் உன் இஷ்டம்னுட்டார்.'

'அப்படிச் சொன்னப்போ தனியா விட்டுட்ட மாதிரி இருந்துச்சா?'

கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'தனியான்னு இல்ல. கோவம். நான் விட்டா அவங்க வீட்டுக்காக விட்டேன்னு ஆகக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் உன் இஷ்டம்.'

ஆலோசகரின் யூகம் தப்பு. பரவாயில்லை. தப்பாக இருந்ததால்தான் அவள் திருத்தினாள், திருத்தும்போதுதான் சரியான வார்த்தை அவளுக்கே கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் கிளிப்பிள்ளை போலச் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள் என்ற கேலி ரோஜர்ஸ் காலத்திலேயே உண்டு. அவருக்கு அது எரிச்சலைத் தந்தது. புரிந்துகொண்டது சரியா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சோதித்துப் பார்ப்பதுதான் தான் செய்வது என்று வயதான காலத்தில் விளக்கினார். அவள் அடுத்த வாரம் வேலையை விடலாம், விடாமலும் இருக்கலாம். ஆலோசகரின் கணக்கில் அது சேராது.

புத்தகத்தில் இல்லாத சிலவற்றை இந்த ஊர் சேர்த்துக்கொண்டது. வருகிறவர் முதலில் ஆலோசகரைப் பற்றித்தான் கேட்பார்: எந்த ஊர், கல்யாணம் ஆயிடுச்சா, பிள்ளைங்க எத்தனை. மேல்நாட்டுப் பாடம், 'இது உங்களுக்கு ஏன் முக்கியம்?' என்று கேள்வியைத் திருப்பச் சொல்லும். இங்கே அது மரியாதைக் குறைவு. 'ரெண்டு பசங்க, சொந்த ஊர் கோலார்' என்று சொல்லிவிட்டு ஆரம்பிப்பதே நாகரிகம். வெளியே அம்மாவோ அண்ணனோ காத்திருப்பார். அவரும் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அமிர்தசரஸில் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் குடும்பத்தையே மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்த நாட்டில், கிளையண்ட் என்றால் ஒற்றை ஆள் என்று வைத்துக்கொள்ள முடியாது. மொழி இன்னொன்று. ஆபீஸ் பிரச்சினை ஆங்கிலத்தில் வரும், வீட்டுக்காரரைப் பற்றிக் கன்னடத்தில் வரும், செத்துப்போன அப்பா மட்டும் தமிழில் வருவார். மொழி மாறும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளும் ஆலோசகர்தான் பெங்களூருக்குச் சரி.

எந்திரமும் இந்தக் கதைக்குள் வந்துவிட்டது. 1966-ல் ஜோசஃப் வைசன்பாம் எம்.ஐ.டி.யில் எழுதிய எலைசா என்ற நிரல் ரோஜர்ஸ் பாணி ஆலோசகரைத்தான் நடித்தது. காரணம் தந்திரமானது: சொன்னதைத் திருப்பிக் கேட்பவருக்கு உலகத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அவருடைய செயலாளரே அதனோடு தட்டச்சில் பேச உட்கார்ந்து, கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டது அவரைக் கலங்கடித்தது. ஐம்பது வருடம் கழித்து 2016-ல் பெங்களூர்க் கம்பெனி ஒன்று பென்குயின் படத்தோடு வைசா என்ற மனநல உரையாடல் செயலியை வெளியிட்டது. ஜோ அகர்வால், ராமகாந்த் வெம்படி தம்பதியின் முயற்சி. வைசாவின் அடிப்படை ரோஜர்ஸ் இல்லை, எண்ணங்களைப் பரிசோதிக்கக் கற்றுத்தரும் வேறொரு முறை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் இல்லாதபோது அது உதவலாம். ஆனால் மேலே அந்தப் பெண் 'தனியான்னு இல்ல, கோவம்' என்று திருத்தினாளே, அங்கே அவளுக்கு எதிரே தப்புச் செய்யக்கூடிய ஒரு ஆள் இருந்தார், திருத்தப்பட்டபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது. செயலியிடம் அது கிடைக்காது.

இப்போது அந்தப் பழைய கேள்வி: மருத்துவம் படிக்காதவர் எதிரே உட்காரலாமா? 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்தைநலத் துறையின் கீழ் ஆலோசகர்களும் அதற்குள் வருகிறார்கள். பட்டம், பதிவேடு எல்லாம் வரப்போகிறது. அவசியம்தான், இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், வார இறுதிப் படிப்பு முடித்தவரிடம் சிக்கி நொந்தவர்கள் உண்டு. 2022 அக்டோபர் 10-ல் நிம்ஹான்ஸை உச்ச மையமாக வைத்துத் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவிச் சேவையில் 14416-க்கு அழைத்தால் முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர்தான். அந்தப் பயிற்சியின் தரத்தில் நாட்டுக்கே அக்கறை இருக்க வேண்டும். அதே நேரம், பட்டத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வங்கி ஊழியரும் அம்மாவும் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள். ரோச்செஸ்டரில் 1939-ல் ரோஜர்ஸ் நின்ற அதே இடத்தில்.

என்னைக் கேட்டால், சான்றிதழோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்வேன். கிளையண்டின் சம்மதத்தோடு பதிவு செய்த நாலைந்து அமர்வுகளை மூத்த ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து கேட்டு மதிப்பிட வேண்டும். ஒஹையோவில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைத் திருப்பிப் போட்டுச் செய்தார்கள். பெங்களூரில் அதற்கு ஒரு கைபேசி போதும்.